மூன்றில் ஒரு பங்கு டி.வி.

பரிசு விழுந்தது பாலச்சந்திரனுக்குத்தான். ஆனால் லக்ஷ்மி ரோட்டுக் கடையின் மாடியில், இருபத்தொன்பது அங்குல வண்ண டி.வி. பெட்டியின் மேல் ஒரு கையை வைத்தபடி அவர் விழித்த விழியைப் பார்த்தவர்கள், மனிதர் எதையோ தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்து அகப்பட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

“ஒன்பதாயிரமா?” என்று அவர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

கடைக் கணக்கரும் மூன்றாவது முறையாகத் தலையாட்டினார். டி.வி.யின் விலை முப்பதாயிரம். பரிசாக வருவதற்கு வருமான வரி முப்பது சதவீதம். பணமாகப் பரிசு கொடுத்திருந்தால் வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிடலாம். டி.வி.யில் முப்பது சதவீதத்தை எங்கிருந்து வெட்டிப் பிடித்துக்கொள்வது? ஆகவே ஜெயித்தவர் வரிப் பணத்தை முதலில் கடையில் கட்டிவிட வேண்டும், பெட்டியைப் பிறகு தொடலாம். கெடு பதினைந்து நாள். தவறினால் டி.வி. அடுத்த கூப்பன்காரருக்குப் போய்விடும். இவ்வளவையும் மராத்தி கலந்த இந்தியில் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கணக்கர் பெட்டியின் மேலிருந்த கையைப் பார்த்தார். பாலச்சந்திரன் கையை எடுத்துக்கொண்டார்.

சங்கராந்திக்கு மிக்ஸி வாங்கியபோது கொடுத்த கூப்பன் அது. பெயர், வீட்டு விலாசம், வேலை செய்யும் பட்டறையின் போன் நம்பர் எல்லாம் எழுதிப் போட்டதோடு அவர் மறந்துவிட்டார். முந்தின நாள் கசார்வாடிப் பட்டறைக்குப் போன் வந்தபோது, உருக்குத் தண்டு ஒன்றை மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்துகொண்டிருந்தார். அவர் அங்கே தரப் பரிசோதகர். அன்று மட்டும் அந்தத் தண்டை அளந்து முடிக்காமலே சரி என்று முத்திரை குத்திவிட்டார் என்றால் அவருடைய சந்தோஷம் எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். பட்டறை ஆட்கள் இருபத்தெட்டுப் பேரும் கைதட்டினார்கள். தட்டிய கை ஓய்வதற்குள் பேடா எங்கே என்று நீட்டினார்கள். பூனாவில் நல்ல சேதி வந்தால் பேடா கொடுக்காமல் ஒரு மனிதன் வாசலைத் தாண்ட முடியாது. அந்த இருநூற்று நாற்பது ரூபாய்தான் அவர் கட்டிய முதல் வரி.

அவருக்கு அந்த டி.வி. வேண்டும். அதுவும் இப்போதே வேண்டும். அது 2003ஆம் வருஷம். பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை. கட்கியில் அவர் வீட்டில் இருந்ததோ பதினாலு அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. அதில் கிரிக்கெட் பந்து தெரியாது. எல்லோரும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று பார்த்து, பந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று யூகித்துக்கொள்ள வேண்டும். இரண்டு உலகக் கோப்பைகளை அவர் இப்படி யூகத்திலேயே பார்த்து முடித்திருந்தார்.

ஆகவே கணக்கரிடம் வாதாடிப் பார்த்தார். உழைத்துச் சம்பாதிப்பதற்கு வரி கேட்டால் கொடுக்கலாம். கடவுள் சும்மா கொடுத்ததற்கு எதற்கு வரி? ரயிலில் என் பர்ஸ் போனால் அரசாங்கம் முப்பது சதவீதம் திருப்பித் தருமா? கணக்கர் பேரேட்டை மூடினார். விவரமெல்லாம் கடிதமாக வீட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது, அதில் தெளிவாகப் படித்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதைக் கேட்டதும் பாலச்சந்திரனுக்கு வேர்த்துவிட்டது. வீட்டில் இன்னொரு அரசாங்கம் இருந்தது.

அந்த அரசாங்கத்தின் பெயர் விசாலம். கல்யாணமாகி வந்த வருஷமே அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். எதிர்பாராமல் எது வந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு, சமையலறை மேல்தட்டில் இருக்கும் பெருங்காய டப்பாவுக்கு. ஒரு கிலோ டப்பா அது. கட்கி பஜாரில் முகம்மது மீரானின் கடையில் காலியானதும் கேட்டு வாங்கி வந்தது. எத்தனை முறை கழுவினாலும் மணம் போகவில்லை.

“நீங்க பாடுபட்டுக் கொண்டாரதுல நான் கை வெக்கறனா?” என்று கேட்பாள். “சம்பளம் சம்பளமா இருக்கட்டும். சும்மா வந்ததுலதானே கேக்கறேன்? எதிர்பாராம வர்றது, எதிர்பாராம போறதுக்கு வேணுமுங்க.”

சட்டத்தில் விலக்கு கிடையாது. துவைத்த கால்சட்டைப் பையில் வெளுத்துப்போன இருபது ரூபாய் நோட்டுக் கிடைத்தால் டப்பாவுக்கு ஏழு ரூபாய். ரத்னகிரியிலிருந்து யாரோ ஒரு டஜன் மாம்பழம் அனுப்பினால் நாலு பழம் அக்கம்பக்கத்துக்கு. வெட்ட முடியாத பொருள் என்றால் விலை மதித்துப் பணமாகக் கட்ட வேண்டும். பதினைந்து வருஷ சேவைக்காகப் பட்டறையில் கொடுத்த கைக்கடிகாரத்துக்கு அவர் நாலு தவணையில் வரி கட்டினார்.

நியாயமாகச் சொன்னால் டப்பா கொடுக்கவும் செய்தது. கட்கி லோக்கல் ரயிலில் அவர் பர்ஸ் போனபோது, போன முந்நூறில் நூறு ரூபாயை விசாலம்தான் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மகள் ரோஹிணி சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது மாவுக்கட்டு டப்பாவிலிருந்துதான் போடப்பட்டது. கோயமுத்தூரில் அவர் அப்பா தவறியபோது ரயில் டிக்கெட்டும் அதிலிருந்துதான். ஆனால் டப்பாவுக்குள் போனது மட்டும்தான் பாலச்சந்திரனுக்கு ஞாபகமிருந்தது. வரி கட்டுகிறவர்களின் ஞாபகசக்தி எல்லா ஊரிலும் இப்படித்தான் இருக்கிறது.

லோக்கலில் திரும்பும்போது மனக்கணக்குப் போட்டார். தில்லிக்கு ஒன்பதாயிரம், டப்பாவுக்குப் பத்தாயிரம். இலவச டி.வி.க்குப் பத்தொன்பதாயிரம். அவருடைய மாதச் சம்பளம் எட்டாயிரத்து ஐந்நூறு. தில்லியை ஏமாற்ற வழியில்லை. டப்பாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாம்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் லோக்கலைப் பிடித்துக் கட்கிக்கு வந்து, தபால்காரரைத் தெரு முனையிலேயே மடக்கினார். கடிதம் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் வெயிலில் அலைந்த பிறகு, கடிதம் எங்கோ வழி தவறிப்போய்விட்டது என்று முடிவுக்கு வந்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது. தபால்காரருக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கிக் கொடுத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். எதற்கு என்று தெரியாமலே அவரும் சாயைக் குடித்தார்.

இனி ஒன்பதாயிரம். சம்பளக் கவர் பிரிக்காமலே விசாலத்திடம் போகிற வழக்கம். பட்டறை முதலாளி அட்வான்ஸ் தருவார், ஆனால் வீட்டம்மாவிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டுதான் தருவார். கடைசியில் மீரானிடம் போய் நின்றார்.

முகம்மது மீரான் மேலப்பாளையத்துக்காரர். பூனாவுக்கு வந்து இருபது வருஷமாகிறது. கட்கியில் புழுங்கலரிசி, அப்பளம், பெருங்காயம், நல்லெண்ணெய் என்று ஊர்ச் சாமான் எது வேண்டுமானாலும் தமிழ்க் குடும்பங்கள் அவர் கடைக்குத்தான் போகும். கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் மனைவி சஃபியாவும் விசாலமும் தினமும் பேசிக்கொள்ளாவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்காது.

பாலச்சந்திரன் கதை முழுவதையும் சொல்லி, இரண்டு வரிகளையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். மீரான் தராசில் மிளகாய் நிறுத்துக்கொண்டே கேட்டார்.

“உழைச்சுச் சேத்ததுல புடுங்குனா வலிக்கும், அது நியாயம் அண்ணாச்சி. சும்மா வந்ததுல கொஞ்சம் கேட்டா ஏன் வலிக்கணும்?”

“சும்மா வந்ததுதான் பாய் ரொம்ப வலிக்குது,” என்றார் பாலச்சந்திரன். சத்தியமான பேச்சு.

மீரான் சிரித்தார். கையில் இப்போது பணமில்லை, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை போனபோது தினசரித் தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார். உள்ளே பத்தும் இருபதும் ஐம்பதுமாக நோட்டுகள். சில நோட்டுகள் வெளுத்துத் துணியாகிக் கிடந்தன. எல்லாவற்றிலும் பெருங்காய மணம். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? மீரானிடம் கை குலுக்கினாலே அன்று முழுவதும் கை ரசம் மணக்கும். பாவம், கல்லாவைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்ததும் பாலச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாய், இந்த நன்றியை நான் எந்த ஜென்மத்துல தீக்கறது?”

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி நன்றி?” என்று மீரான் கூச்சத்தோடு தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார். “திருப்பிக் குடுக்கவும் அவசரப்படாதீங்க. பணம் எங்க போயிரப் போவுது.”

லக்ஷ்மி ரோட்டுக் கடையின் காசாளர் எண்ணும்போது நான்கு முறை தும்மினார். ஆனால் ஒன்பதாயிரம் சரியாக இருந்தது. ரசீது கொடுத்தார்கள். டி.வி. பாலச்சந்திரனுடையதாயிற்று.

அடுத்த சிக்கல், அதை எங்கே வைப்பது? பத்து நாள் மீரான் வீட்டில் இருக்கட்டும், அதற்குள் வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வழி கண்டுபிடிக்கலாம் என்று திட்டம். மீரான் சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார். பட்டப்பகலில் டெம்போ வந்து கடை வாசலில் நின்றது. பெட்டியில் டி.வி. படம் ஆளுயரத்துக்குப் போட்டிருந்தது. கட்கி பஜார் முழுவதும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

பாலச்சந்திரன் தப்பிய வரியெல்லாம் அன்றைக்கு மாலையிலிருந்து மீரான் தலையில் விழ ஆரம்பித்தது.

முதலில், சத்ரபதி சிவாஜியின் பிறந்தநாள் விழா நடத்தும் சிவஜயந்தி மண்டலத்துக்காரர்கள் வசூலுக்கு வந்தார்கள். வருஷா வருஷம் ஐம்பத்தொன்று எழுதுகிறவர்கள் இந்த வருஷம் கேட்காமலே ஐந்நூற்றொன்று என்று ரசீது கிழித்து நீட்டினார்கள். கடன் சாமான் வாங்கியவர்கள், உங்களுக்கென்ன பாய் என்று சொல்லிப் பாக்கியைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். பக்ரீதுக்கு இரண்டு நாள் என்று சோலாப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒன்பது பேர், உலகக் கோப்பை நடக்கிறதைப் பார்த்துவிட்டு இறுதியாட்டம் வரைக்கும் இருப்பதாக அறிவித்தார்கள். வீட்டுக்காரர் வந்து, இவ்வளவு பெரிய டி.வி. வாங்குகிறவர் வாடகையில் இருநூறு கூட்டித் தருவதில் தப்பில்லை என்றார்.

மீரான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் பாலச்சந்திரனை அரித்தது. மண்டலத்துக்குக் கொடுத்த கூடுதல் பணத்தை மீரானிடம் வற்புறுத்தித் திருப்பிக் கொடுத்தார். சோலாப்பூர்க்காரர்களுக்காக அரிசி மூட்டை, கறி, வாழைப்பழம் என்று இவர் வாங்கிப் போட்டார். இதற்கெல்லாம் காசு? பட்டறையில் மாலை ஓவர்டைம் ஒப்புக்கொண்டார். அந்தக் காசு சம்பளக் கவரில் சேராமல் வாராவாரம் கையில் வரும். இந்தியா ஆடிய ராத்திரி ஆட்டங்களைச் சோலாப்பூர் பார்த்தது, கட்கி பஜாரில் பாதி பார்த்தது. டி.வி.க்குச் சொந்தக்காரர் கசார்வாடியில் தண்டு அளந்துகொண்டிருந்தார்.

இது போதாதென்று விசாலம் வேறு தினமும் மீரான் வீட்டுக்குப் போய் டி.வி. பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றியே பேசினாள்.

“மூக்குத்திக் கல்லு வரைக்கும் தெரியுதுங்க,” என்பாள். “பாய் நல்ல உழைப்பாளி. வாங்கிப் போட்டுட்டாரு. நம்மளுக்கும் என்னைக்காச்சும் ஒரு பரிசு கிரிசு விழுகுமாங்க?”

பாலச்சந்திரனுக்குக் காப்பி புரையேறியது. விசாலம் எழுந்து வந்து அவர் தலையில் மெதுவாகத் தட்டிவிட்டாள்.

வழி கண்டுபிடிக்க அவர் முயலாமல் இல்லை. ஒருநாள் பேச்சுவாக்கில், தவணையில் ஒரு கலர் டி.வி. எடுக்கலாமா என்றார். எந்தக் காசில் என்று கேட்டாள். சரி, தெரிந்தவர் யாராவது சும்மா கொடுத்தால்? சும்மா கொடுத்தால் மூன்றில் ஒரு பங்கு. மீரான் வீட்டில் இடமில்லை, கொஞ்ச நாள் நம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னால்? அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“வெச்சுக்கறதுக்கு வாடகை குடுப்பாருங்களா? குடுத்தா அதுலயும் மூணுல ஒண்ணு.”

எந்தக் கதவு வழியாகக் கொண்டுவந்தாலும் அந்த டி.வி. வரியோடுதான் உள்ளே வரும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு மைக்ரான் பிசகினாலும் பொருளைத் திருப்பி அனுப்புகிற ஆள் அவர். சட்டத்தை இப்படிப் பிசிறில்லாமல் கடைந்தெடுத்தவளை உள்ளுக்குள் கொஞ்சம் மெச்சவும் செய்தார்.

மார்ச் ஒன்றாம் தேதி இந்தியா பாகிஸ்தான் ஆட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார். மீரான் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. சோலாப்பூர் ஒன்பது, மண்டலத்துக்காரர்கள் ஆறு, வீட்டுக்காரரும் அவர் மச்சினரும், கடன் பாக்கிக்காரர்கள் சிலர். எல்லோருக்கும் முன்னால், இருந்த ஒரே பிரம்பு நாற்காலியில், கையில் சாயோடு விசாலம் உட்கார்ந்திருந்தாள். பாலச்சந்திரனுக்கு வாசற்படி ஓரம் செருப்புகளுக்கு நடுவே, அரிசி மூட்டை மேல் இடம் கிடைத்தது. அது அவரே வாங்கிப் போட்ட மூட்டை. முன்னால் இருந்த இரண்டு சோலாப்பூர்த் தலைகளுக்கு இடையில் டி.வி.யில் மூன்றில் ஒரு பங்கு தெரிந்தது. பந்து தெரியவில்லை. எல்லோரும் எப்போது எழுந்து கத்துகிறார்கள் என்று பார்த்து, நாலு ரன் போலிருக்கிறது என்று யூகித்துக்கொண்டார்.

ஆனாலும் இந்தியா ஜெயித்தது. அந்தக் கூட்டம் மொத்தமும் சிரித்துக்கொண்டே எழுந்தபோது, வீட்டுக்காரர் மீரானைக் கட்டிக்கொண்டார். வாடகையை மட்டும் குறைக்கவில்லை.

அந்த இருநூறு ரூபாய்தான் பாலச்சந்திரனைச் சாய்த்தது. மற்றதெல்லாம் ஒரு தடவைச் செலவு. இது மாதா மாதம். மீரான் அந்த வீட்டில் இருக்கும்வரை, தன்னுடையதல்லாத டி.வி.க்காகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தனக்கு வந்த அதிர்ஷ்டத்துக்கான வரியை, ஒன்பதாயிரம் கொடுத்து உதவிய சிநேகிதன் தலையில் கட்டியிருக்கிறோம் என்று நினைக்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் அந்த வெட்கத்தோடு தண்டு அளந்தார்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை. பட்டறைக்கு வாராந்திர விடுமுறை. மாலையில் இந்தியாவின் அரையிறுதி. காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, ஓவர்டைமில் மிஞ்சியிருந்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாயையும், கையிலிருந்து கழற்றிய கடிகாரத்தையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

“விசாலம், உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கூப்பன், பேடா, தபால்காரர், டெம்போ, ஐந்நூற்றொன்று, அரிசி மூட்டை, வாடகை. பத்தாயிரத்துக்கு இப்போது இவ்வளவுதான் இருக்கிறது, கடிகாரத்தை விற்றுக்கொள்ளலாம், மிச்சத்தை மாதா மாதம் கட்டிவிடுகிறேன், மீரான் வாடகைக்கும் ஏதாவது வழி செய்ய வேண்டும் என்றார்.

விசாலம் நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்து, அவர் கையைப் பிடித்துத் திரும்பக் கட்டிவிட்டாள்.

“இது உங்களுக்கு வேணும். ஆறு மணிக்கு மேட்சு,” என்றாள். “மூணுல ஒரு பங்கு அடுத்தவங்களுக்குப் போகோணும்னுதானே சட்டம்? மண்டலத்துக்குப் போச்சு, சோலாப்பூருக்குப் போச்சு. அதெல்லாம் கழிச்சுக்கலாம். மிச்சத்துல பாய் வாடகைய மாசாமாசம் நாம குடுத்தரலாம். வட்டியெல்லாம் கெடையாதுங்க.”

இப்படி ஒரு தீர்ப்பைப் பாலச்சந்திரன் எதிர்பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாகத் திட்டிய வரி இது. ரோஹிணியின் மாவுக்கட்டு ஞாபகம் வந்தது, அப்பாவுக்காக எடுத்த ரயில் டிக்கெட் ஞாபகம் வந்தது, பர்ஸ் போன அன்று இவள் நீட்டிய நூறு ரூபாய் ஞாபகம் வந்தது.

“நீ போட்ட வரிதான் நியாயம் விசாலம். எனக்கு இத்தனை நாள் புரியல. தில்லிக்காரன் போட்டதுதான் அநியாயம்.”

“அதுவும் எங்கயோ கை ஒடிஞ்ச புள்ளைக்குப் போகுதுன்னு நெனச்சுக்கங்க.”

அவர் தலையாட்டினார். அன்றைக்கு அவள் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார். பணத்தைப் போட மேல்தட்டைப் பார்த்தார். டப்பாவைக் காணோம். கழுவப் போட்டிருப்பதாகச் சொல்லி, விசாலம் ரூபாயை வாங்கி அரிசி டிரம்மின் மூடிக்கடியில் வைத்தாள். பிறகு கூடத்துக்குப் போய் மீரான் கடைக்குப் போன் போட்டாள். “பாய், டி.வி.ய அனுப்பிச்சிருங்க,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏன் என்று ஒரு கேள்விகூட வரவில்லை. இருந்த சந்தோஷத்தில் பாலச்சந்திரன் அதைக் கவனிக்கவில்லை.

“ஒண்ணு மட்டும் சொல்றேன்,” என்றார், அவள் கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே. “மீரான் மட்டும் அன்னைக்குக் கல்லாவத் தொடச்சு அந்த ஒம்பதாயிரத்தக் குடுக்கலைன்னா, இந்த டி.வி. வேற எவன் வீட்டுலயோ இருந்திருக்கும். அந்த மாதிரி மனசு யாருக்கு வரும்? ஒரு வார்த்தை காட்டிக்கல பாரு. அவருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியல.”

“சொல்லீட்டீங்கல்ல, போதும் போங்க,” என்ற விசாலம், காலியாகாத காப்பி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினொரு மணிக்குக் கைவண்டி வந்தது. முன்னால் மீரான் இழுக்க, சோலாப்பூர்க்காரர்கள் நால்வர் பின்னாலிருந்து தள்ள, அரையிறுதியை எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொண்டு மற்ற ஐவரும் கூடவே வர, டி.வி. கடைசியாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. பாலச்சந்திரன் ஓடிப்போய் மீரானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, பதினோராவது முறையாக நன்றி சொல்ல ஆரம்பித்தார். மீரான் வழக்கம்போல் கூச்சத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லோருக்கும் பின்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி சஃபியா வந்தாள். கக்கத்தில் இடுக்கியிருந்ததை எடுத்து விசாலத்திடம் நீட்டினாள்.

“இந்தாங்கக்கா, நீங்க குடுத்துவிட்ட டப்பா, அதுல இருந்த ஒம்பதாயிரத்தையும் அந்தச் செவ்வாக்கெழமையே அண்ணாச்சி கையில குடுத்தாச்சு, டி.வி. கடைக்காரன் போட்ட கடுதாசி மட்டும் உள்ளயே இருக்கு.”